வெற்றுக் கட்டத்தில் எழுதிய மூன்று

நோர்வூட்
02.06.2025

அன்பு மகள் ஏஞ்சலாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் உடலளவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைவு. பத்து நாட்களாக மழை ஓயவில்லை, கொழுந்து நனைந்தே வருகிறது.

நீ நெதர்லாந்தில் ஆராயும் அதே வகைக் கட்டுப்பாட்டுக் கணினி சென்ற ஆண்டு எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்ததை அறிவாய். ஒரு பேட்ச் தேயிலை உலர்ந்ததும் அதன் ஈரப்பதத்தை அளந்து நான் பதிய வேண்டும். அதைக் கொண்டு அது அடுத்த பேட்சுக்கு டிரையரின் சூட்டைத் திருத்தும். மே பன்னிரண்டாம் திகதி ஈரம் அளக்கும் கருவி பழுதாகிவிட்டது. கணினிப் பதிவில் எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே, இருக்க வேண்டிய அளவான மூன்று சதவீதத்தையே ஆறு பேட்சுகளுக்கும் எழுதினேன். கணினி அதை அளந்த எண் என்று நம்பி, கூடியிருந்த சூட்டை அப்படியே விட்டது. டிரையரில் நின்ற யோகேஸ்வரன், மெஷின் சரிங்குது ஐயா, என் மூக்கு கருகுதுங்குது, நான் யார் பேச்சைக் கேக்கட்டும் என்றான். மெஷினைக் கேள் என்றேன். ஏழாவது பேட்சில் அவனே கையால் சூட்டைக் குறைத்தான். கருகிய தேயிலையை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியபோது, அனுமதியின்றிக் கைவைத்தவன் அவனே என்று அறிக்கை எழுதினேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதன்பின் பதிவுகளைப் புரட்டியபோதுதான் என் மூன்றுகள் வரிசையாக என்னைப் பார்த்தன.

அவன் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். இம்மாத முடிவில், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பராவைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அவன் மனைவி பூரணி வாசலில் நின்று, நாங்க எங்க போறதுன்னும் ஒரு கட்டத்துல எழுதிக் குடுங்க ஐயா, நீங்கதான் வெறுமையா விடமாட்டீங்களே என்றாள். அன்றிலிருந்து அம்மாவும் என்னுடன் அதிகம் பேசுவதில்லை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் உண்மையைச் சொன்னேன். முடிந்ததைக் கிளறாதீர்கள், உங்கள் வேலையும் போகாமல் பாருங்கள் என்றார்.

தொழிற்சங்கம் கேட்டதால் பதினெட்டாம் திகதி மறுவிசாரணை நடக்கிறது. அன்றைய பதிவுகள் முழுவதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அளக்காத எண்ணை அளந்ததாகக் கொடுத்தால் அந்தக் கணினி என்ன செய்யும் என்பதை, படிப்பறிவு குறைந்தவருக்கும் விளங்கும்படி, உன் கையொப்பத்துடன் எழுதி அனுப்பு. மகள் என்பதற்காக ஒரு வரியையும் மென்மையாக்காதே. எண்களை எழுதியவர் யார் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் தொழிற்சாலை அதிகாரி என்ற பதவியையும் குறிப்பிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. ஆண்டவர் உன் வழியெங்கும் துணையிருப்பாராக. பதினைந்தாம் திகதிக்குள் உன் கடிதம் கூரியரில் இங்கு கிடைக்க வேண்டும் என்பதை மறவாதே.

உன் அப்பா,
சூ. லியனார்ட்