ஆறாவது போத்தில்

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன் கஜீவனுக்கு,

அம்மா எழுதுறன், கை மட்டும் உன்ரை தங்கச்சி உஷாந்தியின்ரை. பிளாட் படியிலை வழுக்கி விழுந்த என்ரை வலது மணிக்கட்டு இன்னும் பிளாஸ்டருக்குள்ளைதான். (அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுறன். அடைப்புக்குறிக்குள்ளை வாறது மட்டும் என்ரை சரக்கு, அதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டமாட்டன்.) எல்லாரும் சுகம் எண்டுதான் நான் எப்பவும் தொடங்கிறனான், இந்தமுறை அந்த வரி வாயிலை வருகுதில்லை மகன். போனிலை கதைச்சா அழுதுபோடுவன், அதுதான் செவ்வாய்க்கிழமை கனடா வாற ரஜனி அன்ரியின்ரை பெட்டியிலை மிளகாய்த்தூளோட இதையும் வைச்சுவிடுறன்.

தங்கச்சியின்ரை கொலிஜிலை பிள்ளையள் ஒரு கிளப் வைச்சு போத்தில் றொக்கெற் விடுறவை. சோடாப் போத்திலுக்குள்ளை கால்வாசி தண்ணி ஊத்தி, கவிட்டு வைச்சு, சைக்கிள் பம்மாலை காத்தடிச்சுக் கயித்தை இழுத்தா மேலை சீறிக்கொண்டு போகும். (நாலு மாடி உயரம் அண்ணா. கிளப் எண்டா கிளப்பிறதுதானே. ஊருக்கே தண்ணி காட்டினது எங்கட கிளப்.) போன சனிக்கிழமை பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டு விழா வைச்சவை, நானும் அப்பாவும் முன் வரிசையிலை. காத்தடிச்சுக்கொண்டிருக்கேக்கை போத்தில் நிலத்திலையே வெடிச்சிட்டுது. பம் அடிச்ச பிள்ளை இப்திகார், கொட்டாஞ்சேனை ருக்கியாவின்ரை ஒரே மகன். துண்டு பறந்துபோய் இடது கண்ணிலை அடிச்சிட்டுது. ரண்டு ஒப்பரேஷன் முடிஞ்சுது. வெளிச்சம் தெரியுதாம், உருவம் தெரியேல்லையாம், இனித் தெரியும் எண்டு டொக்டர் வாய் திறக்கிறாரில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனன். ருக்கியா என்ரை பிளாஸ்டர்க் கையைத் தடவி, கை இப்ப எப்பிடி அக்கா எண்டு கேட்டவ. தன்ரை பிள்ளை அப்பிடிக் கிடக்கேக்கை என்ரை கையைக் கேட்டவ. 

எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கிளப் தலைவன் உமாசுதன்தானாம். ஒவ்வொரு போத்திலையும் முதல்நாளே காத்தடிச்சுச் சோதிச்சு, பலமானதுக்கு மட்டும் அடியிலை பச்சைப் பேனையாலை புள்ளடி போடுறது அவன்ரை பொறுப்பு. வெடிச்ச போத்திலிலும் அவன்ரை புள்ளடி இருந்ததாம். நாளைக்கு விசாரணை. ஏ-எல் பரீட்சைக்கு ரண்டு மாசம்தான் கிடக்கு, அவனைக் கொலிஜாலை நிப்பாட்டப் போயினமாம். அவன்ரை தாய் பாவம்தான், எண்டாலும் இப்பிடி ஒரு கவலையீனம் கூடாது. எங்கட பிள்ளை தள்ளி நிண்டது பிள்ளையாற்றை புண்ணியம். இவளை நாளைக்கு ஒண்டும் கதையாமல் வா எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். எண்டாலும் இவள் முந்தின மாதிரி இல்லை, பகிடி இல்லை, சிரிப்பில்லை, சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். வீட்டிலையும் ஒண்டும் ஒழுங்கில்லை. பிரிட்ஜிலை குடிதண்ணி வைக்கிற ஆறு சோடாப் போத்திலிலை ஒண்டை ஒரு கிழமையாக் காணேல்லை. உனக்குத் தெரியும்தானே, வேலைக்கு ஓடுற அவசரத்திலை கொதிச்ச தண்ணியைச் சுடச்சுட ஊத்திறனான், போத்திலின்ரை இடுப்பெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும். அதைப்போய் ஆர் எடுப்பினம்? இவள்தான் எங்கையோ துலைச்சிருப்பாள்.

(அண்ணா, அம்மா தேத்தண்ணி போடப் போயிட்டா. துலைக்கேல்லை. விழா அண்டைக்கு, உமாசுதன் புள்ளடி போட்ட போத்தில் கழுத்திலை கசிஞ்சிட்டுது, சனம் வந்து கதிரையிலை இருக்குது, றொக்கெற் இல்லை எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. வீட்டை ஓடிவந்து பிரிட்ஜிலை இருந்ததை எடுத்து, தண்ணியை வெளியிலை ஊத்திப்போட்டு, ஒடுங்கின இடுப்பைச் சுத்திக் கிளப் கொடியை ஒட்டினன். அடியிலை உமாசுதன்ரை பச்சைப் புள்ளடியை நானே போட்டன். கிளப் பெட்டிக்குள்ளை இன்னொண்டு கிடந்தது எண்டு சொல்லி அவையிட்டைக் குடுத்தன். அவன்ரை கையெழுத்திலை பிரின்சிபலுக்கே லீவுக் கடிதம் எழுதினவள் நான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. சுடுதண்ணி பட்ட போத்தில் பலமில்லை எண்டு அவன் கிளப்பிலை மூண்டுதரம் சொன்னவன். நான் அப்ப அவன்ரை குரலிலை கதைச்சுப் பகிடி பண்ணிக்கொண்டு இருந்தனான். இப்ப அது தன்ரை புள்ளடி எண்டே அவன் நம்பிறான். நேற்று என்னட்டைக் கேட்டான், உஷா, இதை நான் எப்ப சோதிச்சனான், ஞாபகமே வருகுதில்லை, எனக்கு விசரோ எண்டு. நான் தலையை ஆட்டினன் அண்ணா. எதுக்கும் எனக்கு ஒரு பகிடி வரும். அதுக்கு வரேல்லை.)

அடைப்புக்குறி இதோட சரி அண்ணா. மேலை எழுதினது முழுக்க அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சிட்டன். அம்மா அடிக்கேல்லை, ஏசேல்லை. எழும்பிப்போய் பிரிட்ஜைத் திறந்து மிச்ச அஞ்சு போத்திலையும் மேசையிலை கொண்டுவந்து வைச்சா. ஒவ்வொண்டின்ரை இடுப்பையும் இடது கையாலை தடவிப் பாத்தா. தேத்தண்ணி ஆறி ஆடை பிடிச்சுப்போச்சு. பிறகு, எழுது எண்டா.

மகன், சுடுதண்ணி ஊத்தினது நான், கொண்டுபோனது இவள். நாளைக்கு இந்த அஞ்சையும் பையிலை போட்டுக்கொண்டு ரண்டு பேரும் கொலிஜுக்குப் போறம். உமாசுதனைப் பேசினதை வெட்டச் சொன்னன், பிறகு வேண்டாம் எண்டிட்டன், நான் என்ன சொன்னனான் எண்டு நீயும் அறியத்தான் வேணும். இவளை நிப்பாட்டுவினம், நிப்பாட்டட்டும். அங்கையிருந்து ருக்கியாவிட்டை.  என்ன சொன்னாலும் அந்தக் கண் வராது. பிள்ளையார் காப்பாத்துவார் எண்டு முடிக்கிறனான், இண்டைக்கு அவரைக் கூப்பிட வெக்கமாக் கிடக்கு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குத் தொப்பியைப் போடு, நல்லா இரு ராசா. என்னைப் பாத்துத்தான் நீயும் பழகினனீ, அங்கை கொதிச்ச தண்ணியைப் போத்திலுக்குள்ளை ஊத்திறனீ எண்டா இண்டையோட விட்டிடு.

கீழை இருக்கிற கையெழுத்து வடிவா இராது, இடது கையாலை நானே வைக்கிறன். என்னை மாதிரியே போட்டுத் தாறன் எண்டு இவள் பேனையை எடுத்தவள். வேண்டாம் எண்டிட்டன்.

அம்மா