முனியாண்டி கல்லுக்குப் பின்னால்

அன்புள்ள மச்சானுக்கு,

ஆசிரியர் நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டதா என்று கொழும்பில் இருந்து போனில் நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுகிறேன். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. எல்ல டவுனில் இருந்து மலையேற வரும் வெள்ளைக்காரர்கள் நம் முனியாண்டி கல்லுக்குப் பின்னால் மண்டியிடுவதைக் கொழுந்து பறிக்கும்போது பார்த்திருக்கிறோம். “சாமி கும்புடுறாங்கடி, ஆனா செருப்பக் கழட்டலையே” என்று ஜீவராணி அக்கா திட்டுவார். நேற்று நானே குனிந்து பார்த்தேன். கல்லிடுக்கில் ஒரு டப்பா. அதற்குள் ரப்பர் முத்திரையும் ஒரு கொப்பியும் இருந்தன. ஒளித்துவைத்த தபால் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, பெயர் எழுதி முத்திரை குத்துவது அவர்களுக்கு விளையாட்டாம்.

“எப்படிண்ணே இந்தக் கல்லு தெரியுது?” என்று அவர்களோடு வந்த கைடிடம் கேட்டேன்.

“போன்ல குறிப்பு இருக்கு தங்கச்சி. ஜெர்மன்ல இருந்துகூட நேரா வந்துருவாங்க.”

நம் லயத்து வரிசை வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாருக்கும் ஒரே விலாசம், தோட்டத்து ஆபீஸ். கிளாக்கர் ஐயாவுக்கு நினைவு வரும் நாளில்தான் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார். போன வாரம் என்னைக் கூப்பிட்டார். நேர்முகம் எப்போதோ முடிந்திருந்தது. “ஒரே பேர்ல மூணு பேர் இருந்தா நான் என்னம்மா செய்றது?” என்றார். நானும் தலையாட்டிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். தலையாட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆறுதல் சொல்லாதீர்கள். கொழும்பில் நமக்கு ஒரு அறை பாருங்கள். சின்னதாக இருந்தாலும் சரி, கதவில் இலக்கம் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவி