அம்மா திரும்பப் பெற்ற சாட்சி

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தள்ளுவண்டியில் படுக்கச் சொன்னபோது, "நடந்தே வாரேன், எனக்குக் கால்லயா ஆப்பரேசன்?" என்று கேட்டாள். நர்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் படுத்ததும் போர்த்திய பச்சைத் துணிக்கு அடியில் வயிறு மட்டும் தனியாக மேடிட்டு நின்றது. நான் அவள் முகத்தை மட்டும் பார்க்க முயன்றேன்.

வெளியே வரிசையாக நாற்காலிகள் போட்ட கூடத்தில் இருந்து எழுதுகிறேன். கூடவே ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தேன். "சாவு வீட்டுக்கும் பொஸ்தகத்தோடதான் போவியாட்டி?" என்று கேட்பீர்களே. இன்று ஒரு பக்கத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. யாரிடமும் பேசவும் பிடிக்கவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறும் உங்கள் குணம்தான் எனக்கும் வாய்த்திருக்கிறது. அதனால் உங்களிடம் பேசுகிறேன்.

ஊரில் எல்லாரும் சுகம். கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆழ்வார்குறிச்சி ரோட்டில் இரண்டு பக்கமும் நடவு நடக்கிறது. நம் தெரு டிரான்ஸ்பார்மரை மாற்றிவிட்டார்கள். லைன்மேனாக நீங்கள் ஏறி இறங்கிய பழைய மின்கம்பங்கள் பள்ளிக்கூடச் சுவரோரம் கிடக்கின்றன. நான் இன்னும் அதே கல்லூரி நூலகத்தில்தான் இருக்கிறேன். கல்யாணப் பேச்சு வரும், போகும்.

அம்மாவின் வயிறு எப்போது பெருக்க ஆரம்பித்தது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. நீங்கள் போய் மூன்று வருடத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டாகிறாள் என்றே எல்லாரும் நினைத்தோம். "என்ன டீச்சர், வேலைய விட்டு இறங்குன பொறவு ஒரு சுத்து பெருத்துட்டிய? பென்சன் சோறு ஒட்டுது போல!" என்று கோயில் வாசலில் கேலி செய்தார்கள். அம்மாவும், "ஆமா, கத்திக் கத்திக் கரைஞ்சதெல்லாம் திரும்பி வருது" என்று சிரித்தாள். ஆனால் வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுவாள். முகமும் கையும் மெலிந்துகொண்டே வந்தன. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் வற்புறுத்தி அம்பாசமுத்திரத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன்.

சினைப்பையில் கட்டி. அடிவயிற்றிலிருந்து தொப்புளுக்கு மேல்வரை அது ஒன்றுதான் இருந்தது. திருநெல்வேலியில் பார்த்த டாக்டரம்மா நேராகவே சொன்னார்கள். "இந்த வயசுல இவ்வளவு பெருசா இருந்தா விட்டு வைக்க முடியாதும்மா. ரத்தப் பரிசோதனையும் சரியா இல்ல. முழுசா எடுத்துப் பாத்தாதான் என்னதுன்னு தெரியும்."

அம்மா தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது, "மொதல்ல கர்த்தர்கிட்டக் கேப்போம், பொறவு கத்தியப் பாப்போம்" என்றாள். அப்பா, நீங்கள் அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, அவளுக்குத் தகவல் வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. "ஒரு ஜெபம் பண்ணக்கூட நேரம் தரலியே" என்று அழுதாள். அவள் கேட்டது உங்களையா, கர்த்தரையா? இந்த முறை அவளுக்கு நேரம் கிடைத்துவிட்டது. அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

பெண்கள் சங்கத்துத் தலைவி ரூபி அக்கா இன்னும் சிலரோடு வந்து நம் வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். பகல் முழுக்கப் பட்டினி. சாயங்காலம் எண்ணெய் பூசி, வயிற்றின் மேல் கை வைத்து ஜெபித்தார்கள். மறுநாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன தொட்டுப் பாரு. எளகிட்டு. கொசுவம் செருக முடியுது." தொட்டுப் பார்த்தேன். வயிறு கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. பட்டினி கிடந்ததால் குடல் காலியாகியிருக்கலாம், நீர் நன்றாகப் பிரிந்திருக்கலாம் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்கு முன்னால் அது எதுவும் நிற்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நம் கோயிலில் பிரசங்கம் முடிந்ததும் சாட்சி சொல்கிறவர்கள் எழுந்திருப்பார்கள். வேலை கிடைத்தவர், பிள்ளை பெற்றவர், நோய் தீர்ந்தவர் எல்லாரும் கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்வார்கள். அப்படிச் சொன்ன சொல் அப்புறம் சொன்னவருக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மா எழுந்தாள். "என் வயித்துல இருந்த கட்டியக் கர்த்தர் கரைச்சுப் போட்டார். கத்தி படாமல் என்னைக் காப்பாத்தினார்" என்றாள். வகுப்பறையில் கடைசி வரிசைக்கும் கேட்ட அந்தக் குரல். கோயில் முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பீர்களா? அல்லது என்னைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்களா?

பத்து நாள்கூட ஆகவில்லை. வயிறு மறுபடி முரசுபோல இறுகிவிட்டது. ஆபரேஷன் தேதியைப் பற்றிக் கேட்டபோது அம்மா என் மேல் எரிந்து விழுந்தாள்.

"சாட்சி சொன்ன வாயோட எப்படிட்டி போய்ப் படுக்கச் சொல்லுத? என்னப் பொய்க்காரின்னா பரவால்ல. கர்த்தரயல்லா பொய்யராக்குத?"

"அவரு ஒண்ணும் சொல்லலியேம்மா. சொன்னது நீங்கதான?"

"படிச்ச திமிரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். மல்லாந்து படுக்க முடியாமல் பக்கவாட்டில், வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து. வலி வரும்போது வாயில் முந்தானையை வைத்துக்கொள்வாள். வெளியில் யாராவது கூப்பிட்டால் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுகமானவளாக வாசலுக்குப் போவாள். வள்ளியூரிலிருந்தெல்லாம் யார் யாரோ போன் செய்து தங்களுக்காக ஜெபிக்கக் கேட்டார்கள். அவளும் ஜெபித்தாள். எனக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை அப்பா. அவள் இறந்துபோவாள் என்ற பயத்தைவிட, கரைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இறந்துபோவாள் என்ற பயம் எனக்கு அதிகமாக இருந்தது.

அப்புறம் ஜெயா வந்தாள். கோயிலுக்குப் பின்னால் தையல் மெஷின் போட்டிருக்கும் ஜெயாவை உங்களுக்குத் தெரியும். அவளுக்கு மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு சீப்பு பழத்தை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"நானும் வேண்டாம்னுட்டேன் டீச்சர்."

"என்னத்த வேண்டாம்னுட்ட?"

"ஆப்பரேசனத்தான். அன்னைக்கு நீங்க எந்திரிச்சு நின்னு சொன்னியள்லா, அப்பமே முடிவு பண்ணிட்டேன். டீச்சருக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யமாட்டாரா?"

அம்மா அவளையே பார்த்தாள். "ரத்தம் நின்னுட்டா ஜெயா?"

"இல்ல டீச்சர். நிக்கும்."

ஜெயா போன பிறகும் அம்மா பழத்தை மடியிலிருந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அவளுக்கு ரெண்டாங்கிளாஸ்ல கூட்டல் சொல்லிக் குடுத்தது நான்தாம்ட்டி. நான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு அப்பமே பழகிட்டா" என்றாள். பிறகு, "நாளைக்கு லீவு போடு. டாக்டரப் பாக்கப் போவோம்" என்றாள்.

கட்டி வளர்ந்திருந்தது. அதற்குள் சில இடங்களில் கெட்டியாகவும் தெரிந்தது. "இத்தன நாள் எங்கம்மா போயிருந்தீங்க?" என்று டாக்டரம்மா கோபப்பட்டார்கள். அம்மா, "வந்துட்டோம்லா" என்று மட்டும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை என்று முடிவானது.

ஜெயாவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வீட்டுல போய்க் காதுக்குள்ள சொன்னாப் பத்தாது. எங்கன நின்னு சொன்னேனோ அங்கன நின்னுதான் சொல்லணும்" என்றாள். ஆராதனைக்கு முன்னால், அதை நடத்தும் உபதேசியாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் திகைத்துப்போனார். சின்ன வயதுக்காரர், பாவம். "இன்னைக்கு வேண்டாமே டீச்சர். ஆப்பரேசன் முடியட்டும், பைய பாத்துக்கிடலாம்."

"முடிஞ்ச பொறவு நான் இருக்கணும்லா தம்பி" என்றாள் அம்மா.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போன மாசம் இங்க நின்னு ஒண்ணு சொன்னேன். அது தப்பு. கட்டி கரையல. ஒருநாள் வயிறு லேசா இருந்ததப் பாத்துட்டு, மறுபடி ஸ்கேன்கூட எடுக்காமச் சொல்லிட்டேன். அதக் கர்த்தர் பேரச் சொல்லிச் சொன்னது இன்னும் பெரிய தப்பு. வர்ற செவ்வாக்கிழம எனக்கு ஆப்பரேசன். என் பேச்சக் கேட்டு யாரும் வைத்தியத்த நிறுத்திருந்தா, தயவுசெஞ்சு போங்க. நான் போறேன்."

சாட்சி முடிந்தால் சபை ஸ்தோத்திரம் சொல்லும். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. முன் பெஞ்சில் ஒரு அம்மாள் திரும்பி அம்மாவைப் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். உபதேசியார் அவசரமாக அடுத்த பாட்டை அறிவித்தார். என் உள்ளங்கை அம்மாவின் முதுகில் இருந்தது. ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது.

வாசலில் ரூபி அக்கா காத்திருந்தார்கள். கண் கலங்கியிருந்தது. "கை வச்சு ஜெபிச்ச எங்களையெல்லாம் இப்படித் தலகுனிஞ்சு நிக்க வச்சிட்டியளே. உங்களுக்கு விசுவாசம் பத்தல டீச்சர்."

"பத்தலன்னாப் பத்தலதான் ரூபி. எங்கிட்ட இருந்தது அவ்வளவுதான்" என்று அம்மா சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோதுகூடச் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வார்டில் அம்மாவுக்கு எதிரிலேயே ஜெயாவுக்குப் போன் செய்தேன். "டீச்சர் பயந்துட்டாங்க கிரேஸ். நான் பயப்படமாட்டேன்" என்றாள். அவள் குரலில் தெம்பே இல்லை. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். அம்மா போனை வாங்கிப் பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.

ஆபரேஷனைப் பற்றி டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்கள். கட்டி உடையாமல் எடுக்க வேண்டுமாம். அம்மா மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புவார்களாம். "சாதாரணக் கட்டின்னாச் சீக்கிரம் முடிஞ்சிரும். வேற மாதிரின்னாக் கர்ப்பப்பை, சுத்தி இருக்கிறது எல்லாத்தையும் எடுக்கணும், நேரமாகும்." அம்மா என்னைப் பார்த்து, "அப்பம் உனக்குத்தான் மொதல்ல தெரியும். நான் முழிச்சதும் கேப்பேன். எனக்குத் தைரியம் சொல்லுதேன்னு எதையாவது மாத்திச் சொன்ன, அப்புறம் ஓங்கூட நான் பேசமாட்டேன், பாத்துக்கோ" என்றாள்.

அப்பா, எனக்குப் பிறகு வந்து உட்கார்ந்தவர்களில் பலர் எழுந்து போய்விட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, எனக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் வெளியே வந்தாள். "டீச்சரோட மகதானே? இன்னும் ரொம்ப நேரமாகும்மா. எல்லாத்தையும் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கூட இன்னொரு பெரிய டாக்டரும் வந்திருக்காங்க." வேறு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

இப்போது இது தெரிந்தவர்கள் உள்ளே வேலை செய்கிறவர்களும், நானும், நீங்களும் மட்டுமே. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தள்ளிப்போட்ட அந்த வாரங்கள் அவளிடமிருந்து என்னவெல்லாம் எடுத்துக்கொண்டன என்று நான் யாரைக் கேட்பது? கேட்டால் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கத்தான் போகிறேன்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் கண் திறந்து கேட்கும்போது ஒரு வார்த்தையையும் மாற்றமாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்வேன். பிறகு ஊருக்குப் போய் முதலில் ஜெயா வீட்டுக் கதவைத் தட்டுவேன். நாலு பேருக்கு முன்னால் பேசத் தெரியாத நான், அவள் முன்னால் உட்கார்ந்து பேசுவேன். அம்மாவின் வயிற்றிலிருந்து எதையெல்லாம் எடுத்தார்கள் என்று சொல்வேன். கரைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அது எவ்வளவு வளர்ந்தது என்றும் சொல்வேன். அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை அங்கிருந்து எழுந்திருக்கமாட்டேன்.

அம்மா வெளியே வரும்வரை இந்த வாசலை விட்டு நகராத,
உங்கள் ஒரே மகள்,
கிரேஸ்