காலி நாற்காலியிடம் ஒரு கேள்வி

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நான் கீழே சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேச ஆளில்லை. கடையிலும் "மடி", "அடுக்கு" என்பதோடு சரி.

நீ போன பிறகும் வீட்டில் பிரிட்ஜ் சீட்டாட்டம் நிற்கவில்லை. பகலெல்லாம் உன் நாற்காலியில் துணி குவிந்து கிடக்கும். சாயங்காலம் அப்பாவே அதை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, நாலு பேருக்கும் சீட்டுப் போடுவார். அவருக்கு எதிரே, அவர் ஜோடியின் இடத்தில், உன் சீட்டு கவிழ்ந்தபடி இருக்கும். எத்தனை பிடி எடுப்போம் என்று சொல்லும் ஏலத்தில் உன் முறை வந்தால் அம்மாவோ நானோ "பாஸ்" சொல்வோம். ஏலத்தில் ஜெயித்து ஆட்டம் அப்பாவுக்கு வந்தால் உன் சீட்டைத் திருப்பி வைத்து அவரே ஆடுவார். அத்தானைக் கட்டிக்கொள்ள நீ கிளம்பியதிலிருந்து உன் பெயரை மட்டும் சொல்வதில்லை.

எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். ஏலத்தில் சொல்ல வேண்டியவை எல்லாம் முன்பே முடிவான வார்த்தைகள். அதில் கூச்சம் வருவதில்லை.

நேற்று அப்பா தன் சீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு எடுத்த எடுப்பில் "நாலு நோ டிரம்ப்" என்றார். எதிரே இருப்பவரிடம் எத்தனை ஏஸ் என்று கேட்பதாயிற்றே அது. அம்மா பாஸ் சொல்லிவிட்டு, "யார்கிட்ட கேக்கறீங்க? நாற்காலிகிட்டயா?" என்றாள். அப்பா நிமிரவில்லை. "கேட்டாச்சு. பதில் வரட்டும்" என்றார்.

உனக்காகப் பாஸ் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அம்மா என்னிடம், "பாத்துச் சொல்லுடி" என்றாள். உன் சீட்டை எடுத்தேன். கிளாவர் ஏஸ் ஒன்றுதான் இருந்தது. ஒன்று என்பதற்கான பதிலைச் சொன்னேன், "அஞ்சு டைமண்ட்." அப்பா "ஆறு ஸ்பேட்" என்றார்.

பன்னிரண்டு பிடி எடுக்க வேண்டும். டைமண்ட் ஏஸ் எதிர்ப்பக்கம் ஆடும் அம்மா, நான் எங்களிடம் இருந்தது; அதில் ஒரு பிடி போய்விடும். அதற்கு மேல் ஒன்று போனாலும் அவர் தோற்பார். ஸ்பேட் ராணி என் கையில், இரண்டு சின்னச் சீட்டுத் துணையோடு இருந்தது. அப்பா எப்போதும் ஏஸ், ராஜா என்று மேலிருந்து அடித்து, ராணி தானாக விழுமா என்று பார்ப்பார். "என் கைக்கு வந்து ஆடுங்கப்பா, ராணி மாட்டும்" என்று நீ சண்டை போடுவாய். "இன்னொருத்தர் கையை நம்பி நான் ஆடறதில்ல" என்பார்.

நேற்று அவர் அடிக்கவில்லை. அம்மா இறக்கிய ஹார்ட்டை எடுத்துவிட்டு, தன் ஒற்றைக் கிளாவரை உன் ஏஸுக்குப் போட்டார். உன் கைக்குப் போக அந்த ஒரு வழிதான் இருந்தது. அங்கிருந்து சின்ன ஸ்பேடை இழுத்தார். நானும் சின்னதே போட்டேன். அவர் ஜாக்கை வைத்தார். அம்மாவால் அதை வெல்ல முடியவில்லை. அப்புறம் ஏஸ், ராஜா. என் ராணி விழுந்தது. பன்னிரண்டும் வந்தன.

உன் சீட்டைப் பார்த்து "நல்ல கை" என்றார். முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

"அவரா ஒரு வார்த்தை கேக்கட்டும், வர்றேன்" என்று படியிறங்கும்போது என்னிடம் சொன்னாய். அவருக்குத் தெரிந்த விதத்தில் கேட்டுவிட்டார், அக்கா. நான் சொன்னது சீட்டுக்கான பதில். மற்றதை நான் சொல்ல முடியாது.

இன்று உன் நாற்காலியில் அம்மா துணி போடவில்லை.

அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அவருக்கு ஆட்டம் தெரியாவிட்டால் என் இடத்தைக் கொடுக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். பேசிவிடுவேன், பயப்படாதே.

உன் வழி பார்த்திருக்கும்,
ஊமைக்கோட்டான்