மலிவான விடுமுறையும் அடுப்போடு ஒரு வீடும்

என் வீட்டுக்காரருக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பெரிய மகள், மடியில் அவர்கள் கைக்குழந்தையோடு நான், இத்தனை பேர் இருந்தோம். ஸ்பீக்கர் போனில் நீங்கள் இருந்தீர்கள். அதனால் எதுவும் தெரியாது என்று சாதிக்க வேண்டாம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? அதைக் கேட்காமல் திட்டவும் மனம் வரவில்லை.

விடுமுறைக்குப் பார்த்த கடற்கரை ஓட்டல் வாடகையைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளந்தபோது தம்பிதான் வழி கண்டுபிடித்தான். "அடுப்போட ஒரு வீடா எடுத்துடலாம். அக்கா வர்றாங்கல்ல, ஓட்டல் சாப்பாட்டுச் செலவே மிச்சம்."

நீங்களும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "உங்க அக்காவுக்கு அடுப்படிதான் மாப்பிள்ள சொர்க்கம். தாராளமா கூட்டிட்டுப் போ."

என் சொர்க்கம் எதுவென்று நான் தினமும் கும்பிடுகிற கடவுளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கா புரியாது? அவர்கள் மிச்சம் பிடித்தது என்னை வைத்துத்தான்.

"நான் வரல" என்று எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவள் மட்டும் வந்து, "அத்தை, நீயும் கடல்ல இறங்குவியா?" என்றாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்ததிலிருந்து, சாப்பாட்டைப் பற்றி இல்லாமல் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. இறங்குவேன் என்று சொல்லிவிட்டேன்.

நானும் வருகிறேன், ஆனால் அங்கே சமைக்கப்போவது நீங்கள் என்று தம்பியிடமும் சொல்லிவிட்டேன். வரும்போது பீரோவில் இருக்கும் என் நீலப் புடவையை எடுத்து வாருங்கள். அது நனைந்தாலும் சாயம் போகாது. வருகிறீர்களா இல்லையா, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.