ஏழாவது நிறுத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ இதை அப்படியே மடித்து வைத்துவிடுவாய். அதனால் நேராகக் குற்றத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட மணியோசையை என் போனில் பதிவு செய்து, கடைசி வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலோரமாக ஒலிக்கவிட்டேன். மூன்று வகுப்புகள் வீட்டுக்குப் போய்விட்டன. கணக்கு டீச்சரும் போய்விட்டார். அதுதான் வினையாகிவிட்டது.

போனை அப்பா பறித்துத் தன் கருவிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். பரீட்சை முடிகிற வரைக்கும் தர மாட்டாராம். "அப்பாவிடம் கொடுக்காதே" என்று நீ சொன்ன உன் நம்பரும் அதற்குள்தான் இருக்கிறது. இது விதியின் விளையாட்டு, என்னுடையது இல்லை. அதனால்தான் தபால். ஸ்டாம்ப் ஒட்ட நாக்கை நீட்டியபோது தபால்பெட்டிக்கே பழிப்புக் காட்டுவது மாதிரி இருந்தது.

இப்போது பெரிய செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நகராட்சி வண்டியில் போய், சுவரில் யார் என்ன வரைந்திருந்தாலும் அதன் மேல் சாம்பல் நிறத்தை அடித்துவிட்டு வந்தாரே, அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற படங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்களாம். 'அழி' என்ற அதே வாயால் நகராட்சி இப்போது 'வழி' சொல்கிறது.

அங்கே சைக்கிள் கடை மாமா ஒருவர், வருகிறவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிற தொழில் வைத்திருக்கிறார். மூடிய ஆலைக்குள் டிரம்ஸ் அடிக்கிற கும்பல், பழைய பஸ்ஸையே வீடாக்கிக் குடியிருக்கிறவர்கள், சரக்குக் கிடங்கில் பச்சை குத்துகிற பெண், இப்படி. அவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "எந்தச் சாம்பலுக்கு அடியில என்ன படம் இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்." ஆக, அழித்தவரே வழிகாட்டி! கையில் மஞ்சள் குடை. ஒவ்வொரு திருப்பத்திலும் குடையை நீட்டித் தலை எண்ணுகிறார், கோழி அடைக்கிற மாதிரி. கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்த வரி என்ன தெரியுமா? "இந்தச் சுவர்ல நான் ஏழு தடவ அடிச்சேன். அந்தப் பையன் எட்டு தடவ வரைஞ்சான். ஒரு தடவ வித்தியாசத்துல ஜெயிச்சுட்டான்."

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். நம் வீட்டில் சித்திரத்தை மூடித்தான் சாப்பாடே நடந்தது. அதற்காகத்தான் நீ கோபித்துக்கொண்டு போனாயா? எனக்கு அப்போது பதின்மூன்று வயது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போதாவது சொல். வந்தும்விடு. உன் கட்டிலில் என் துணிகள் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன.

உன்
வாலு


மார்ச் 13

வாலுவுக்கு,

உன் கடிதத்தை இங்கே பட்டறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், மணி அடித்த பகுதியை மட்டும். நாடகத்துக்குப் பின்திரையில் காடு வரைந்துகொண்டிருக்கிறோம். நாலு நாளாக நான் இலை மட்டும்தான் வைக்கிறேன். கனவிலும் இலைதான்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தெருச்சுவரில்தான் வரைந்திருக்கிறேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய சாயப்பட்டறைச் சுவர். விடிவதற்குள் முடித்துவிட்டு எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் வண்டி அந்த வழியாகத்தான் வரும். அப்பா பார்க்க வேண்டும் என்றுதான் வரைந்தேன். வண்டி நின்றது. இறங்கினார். ஒரு பார்வை பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை, வாளியில் ரோலரை முக்கி அடிக்கத் தொடங்கிவிட்டார். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டேன், "இன்னைக்கு என்னப்பா வேல?" என்று. "வழக்கம்போலதான். ஒரு சுவர்" என்றார். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

என்ன படம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்தது நானும் அவரும்தான். அது அப்படியே இருக்கட்டும். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் கட்டிலிலிருந்து உன் துணிகளைக் காலி செய்யத் தேவையில்லை.

அக்கா


மார்ச் 29

மதிப்புக்குரிய வாலு அவர்களுக்கு,

அப்பா 'எழுதிய' கடிதம் கிடைத்தது. கையெழுத்தை நன்றாகத்தான் பழகியிருக்கிறாய். ஆனால் "என்னை மன்னித்துவிடு மகளே" என்று அப்பா எழுதுவாரா? நம் காலை மிதித்துவிட்டு, "இங்க ஏன் கால வச்ச?" என்று கேட்கிற ஆள் அவர். அதுவும் மூன்று பக்கம்! தன் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார். கடைசியில், "தந்தையின் உள்ளம் வெள்ளை, அடித்ததுதான் சாம்பல்" என்று ஒரு வரி. இந்த உலகத்தில் இப்படி எழுதக்கூடிய ஆள் ஒருத்திதான். அவள் போன் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

சிரித்தேன். ஆனால் மூன்றாம் பக்கத்துக்கு வந்த பிறகுதான் சிரித்தேன். முதல் பக்கம் முழுக்க உண்மை என்று நம்பிவிட்டேனடி. பட்டறையில் எல்லார் முன்னாலும் அழுதேன். உன் விளையாட்டில் அதுதான் எனக்கு வலித்தது.

'புலி வருது, புலி வருது' என்று கத்தினவன் கதை உனக்குத் தெரியும். இனி அப்பாவைப் பற்றி நீ எழுதும் எதையும் நான் நம்பப் போவதில்லை. அம்மாவைப் பற்றி எழுது. பரீட்சையைப் பற்றி எழுது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

மன்னித்துவிடு. இதை நானே, என் கையெழுத்திலேயே எழுதுகிறேன்.

நீ நம்ப மாட்டாய் என்று தெரிந்தேதான் இதையும் எழுதுகிறேன். நேற்று அப்பாவின் கூட்டத்தில் நானும் போனேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. அம்மாவின் கறுப்புக் கண்ணாடி, பெரிய தொப்பி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். இடையிடையே கோணல் கேள்வி கேட்டு அப்பாவைத் திணற அடிப்பதுதான் திட்டம். அப்பா குடையை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். "பன்னெண்டு. பதிமூணு. கண்ணாடி போட்ட அம்மா, படி இருக்கு, பாத்து வாங்க." மஃப்ளருக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆறு நிறுத்தம் அமர்க்களமாகப் போனது. பஸ்ஸில் குடியிருக்கிறவர், "வாங்க வாங்க, டிக்கெட் இல்லாத பஸ் இது ஒண்ணுதான்" என்று எல்லாரையும் உள்ளே ஏற்றினார். ஏழாவதாக அப்பா ஒரு காலிச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். வெறும் சாம்பல். சுவரோடு ஒட்டி மேலிருந்து இறங்குகிற ஒரு மழைத்தண்ணீர்க் குழாய். கேமரா வைத்திருந்தவர் கேட்டார், "இங்க ஒண்ணுமே இல்லையே சார்?"

"இருந்துச்சு. நான்தான் மூடினேன்."

அதற்கப்புறம் அப்பா சொன்னதை வீட்டுக்கு வந்து உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன். மாற்றாமல் தருகிறேன்.

"ஏணி மேல ஒரு ஆளு, முதுகு காட்டி நிக்கறான். சட்டை தோள்ல கிழிசல், வேற கலர் நூல்ல தச்சிருக்கு. வலது கையில ரோலர். ஆனா ரோலர் போன எடத்துல சாம்பல் வரல, வானம் வருது. ஒரு பட்டை நீலம், அதுல ஒரு துண்டு மேகம். இடது கை இந்தக் குழாயப் புடிச்சிருக்கு. குழாய் நெசம், கை படம். கட்டைவிரல் வெளிப்பக்கமா வளஞ்சிருக்கு." இதைச் சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். வண்டிக் கதவில் நசுங்கின அந்த விரலை.

"வண்டிக்குள்ள சூப்பர்வைசர் கண்ண மூடிட்டு இருந்தாரு. முழிச்சா போட்டோ எடுப்பாரு. படத்துல இருக்கறது நான்னு பாத்ததும் தெரிஞ்சுடும். அப்புறம் யார் வரைஞ்சதுன்னு கண்டுபுடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவரு முழிக்கறதுக்குள்ள முடிக்கணும். வாழ்க்கையில அவ்வளவு வேகமா நான் அடிச்சதே இல்ல."

யார் வரைந்தது என்று ஒரு பெண் கேட்டாள்.

"என் பெரிய பொண்ணு. அன்னைக்குச் சாப்புடும்போது, என்ன வேலன்னு கேட்டா. சொல்லியிருக்கலாம். வழக்கம்போல ஒரு சுவர்னுட்டேன். சுவருக்குக் காது உண்டும்பாங்க. எனக்கு வாய் இல்லாமப் போச்சு."

பிறகு ஒவ்வொருவராகக் குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். ஒரு உள்ளங்கை அளவுக்கு அவர் அடிக்காமல் விட்டிருக்கிறார். அங்கே அந்தக் கட்டைவிரல் இருக்கிறது, அக்கா. நகத்தில் பாதி இல்லை.

சைக்கிள் கடை மாமாவிடம் தனியாகக் கேட்டேன். "எப்பவும் இதச் சொல்லுவாரா?" "தெனம்தான். காலிச் சுவரப் பாக்கவா வர்றாங்க, அந்த ஏழாவது ஸ்டாப்ப விட்டுடுங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல" என்றார்.

கிளம்பும்போது அப்பா என் பக்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கண்ணாடிய அம்மாகிட்ட திருப்பிக் குடுத்துடு. தேடிட்டிருப்பா."

இந்தக் கடிதத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை. என் மேல் சத்தியம் என்றால் நீ நம்ப மாட்டாய். அம்மாவின் முழங்கால் மேல் சத்தியம்.

வாலு


ஏப்ரல் 24

வாலு,

நம்பக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் படிக்கத் தொடங்கினேன். கிழிந்த தோள் வந்தபோது நிறுத்திவிட்டேன். குழாய் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

நீ அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. நான் உனக்குச் சொன்னதுமில்லை. தோளில் வேறு நிற நூல், ரோலரிலிருந்து வரும் வானம், நிஜக் குழாயைப் பிடித்திருக்கும் கை, இதையெல்லாம் நீ இட்டுக்கட்டியிருக்க முடியாது. நகத்தில் பாதி இல்லை என்று நான்கூட மறந்திருந்தேன். குழாய்க்குப் பின்னால் பிரஷ் போகாமல், விரலால் தொட்டு வைத்த இடம் அது.

ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை என்று மூன்று வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்குள் அவர் அவ்வளவையும் பார்த்திருக்கிறார்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. காட்டுத்திரைக்கு நடுவில் ஒரு ஏணி வரைந்துவிட்டேன். காட்டில் எதற்கு ஏணி என்று இயக்குநர் கத்தினார். அதை அழித்துவிட்டு மறுபடியும் இலை வைத்தேன்.

மே 3, சனிக்கிழமை, பத்து மணிக் கூட்டத்தில் ஒரு இடம் பதிவு செய். அப்பாவிடம் சொல்லாதே. மாலை, மேளம், மணியோசை எதுவும் கூடாது. உன் விளையாட்டு எதுவுமே கூடாது. கடைசி ஆளாக நிற்பேன். திருப்பத்தில் அவர் தலை எண்ணுவார் இல்லையா? என்னையும் சேர்த்து எண்ணட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

உன் துணிகளை மட்டும் கொஞ்சம் நகர்த்து.

அக்கா


மே 3, சாயங்காலம்

அடுத்த அறையில் இருக்கும் அக்காவுக்கு,

கதவுக்கு அடியில் வருகிற தபால் என்பதால் ஸ்டாம்ப் இல்லை. நாக்கு மிச்சம்.

நீ கடைசியில் நின்றாய். முன்னால் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன், கண்ணாடி இல்லாமல், ஒரு குறும்பும் செய்யாமல். என் வரலாற்றிலேயே முதல் தடவை.

முதல் திருப்பத்தில் குடையை நீட்டி எண்ணினார். "பதினொண்ணு, பன்னெண்டு." குடை அப்படியே நின்றுவிட்டது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார். மறுபடியும் பன்னிரண்டில் நின்றார். கூட்டத்தில் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து, "பதிமூணு சார்" என்றார். அப்பா "தெரியும்" என்றார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதோடு எண்ணுவதையே விட்டுவிட்டார், அக்கா.

அப்புறம் ஆறு நிறுத்தத்திலும் என்னென்ன உளறினார் என்று நீயே கேட்டாய். பஸ் வீட்டைக் காட்டி 'சாயப்பட்டறை' என்றார். ஏழாவதில் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். "இங்க ஒண்ணுமே இல்லையே?" என்று யாரோ கேட்டார். பின்னாலிருந்து நீ "இருந்துச்சு" என்றாயே, அப்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். அதை எழுத எனக்கு வரவில்லை. நீதான் வரைய வேண்டும்.

இப்போது கூடத்தில் உட்கார்ந்து தன் பழைய ரோலரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். கழுவ அதில் ஒன்றும் இல்லை. உன் கதவு வரைக்கும் இரண்டு தடவை வந்து திரும்பிவிட்டார். "என்னடி பண்றா?" என்று அம்மாவிடம் கேட்டார். "நீங்களே போய்க் கேளுங்களேன்" என்றாள் அம்மா. அதனால் வழக்கம்போல என்னிடம் வந்தார். பூட்டைத் திறந்து என் போனை எடுத்துக் கையில் வைத்தார். கூலி என்று நினைக்கிறேன். பிறகு சொன்னார்:

"நாளைக்கு அந்தச் சுவருக்குப் போனா, ஏணி புடிக்க ஆள் வேணுமான்னு அக்காகிட்ட கேளு."

கேட்டுவிட்டேன். கீழே கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு கோடு கிழித்துக் கதவுக்கு அடியில் திருப்பித் தள்ளு.

☐ வேண்டும்

வாலு

பின்குறிப்பு: 'வேண்டாம்' என்பதற்குக் கட்டம் எங்கே என்று தேடாதே. நான் போடவே இல்லை.