எல்ம்கோட் கிராமத்தின் தமிழ்க் கொப்பிகள்

என் ஆசையக்காவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம். இந்தக் கடிதத்தை எத்தனை தரம் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. சமையலறை மேசையில் தொடங்கினேன், பஸ்ஸில் தொடங்கினேன், மாதா கோயில் வாங்கில் இருந்து தொடங்கினேன். இரண்டு வரி எழுதுவதற்குள் எழும்பிவிடுகிறேன். இன்று பலேர்மோவில், லிபெர்த்தா வீதி வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் இத்தாலியக் கிழவி, சிஞ்ஞோரா, மதியச் சாப்பாடு முடிந்து படுத்திருக்கிறார். அவர் எழும்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இருந்திருந்தாலும் இங்கிலாந்து விசாவுக்கு நாள் போதாது. மகள் அனித்தாவின் போனில்தான் பார்த்தேன். நாற்பது வருடம் நீ தபால்கந்தோரும் கடையுமாக இருந்த எல்ம்கோட்டை அன்றைக்குத்தான் முதல் தரம் கண்டேன். இவ்வளவு சின்ன ஊரா? ஒரு கோயில், ஒரு ஆறு, அறுபது வீடு இருக்குமா? உன்னை ஒரு கறுத்தக் காரில் வைத்து ஊரைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஏன் சுற்றிப் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு பெட்டி வந்தது. உன் சிநேகிதி மார்கரெட் அனுப்பியிருந்தா. அந்த ஊரின் பழைய கதைகளைச் சேர்க்கிற சின்னக் குழுவை நடத்துகிறவ என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். பெட்டிக்குள் ஒன்பது கொப்பிகள். திறந்தால் உன் கையெழுத்து. முழுவதும் தமிழ்.

கடைக்கு வருகிற கிழவர்களும் கிழவிகளும் சொன்னதையெல்லாம் நீ எழுதி வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றின் தலையிலும் சொன்னவரின் பெயர், அன்றைக்கு மழையா வெயிலா என்ற குறிப்பு. ஊருக்குப் பெயர் கொடுத்த எல்ம் மரங்கள் எல்லாம் நோய் வந்து பட்டுப்போய், இப்போது பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று ஒருவர். கட்டாக்காலி மாடுகளை அடைத்துவைத்த கல் பட்டிக்குள் சின்ன வயதில் ஒளித்து விளையாடியதாக ஒருத்தி. ஏழு பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தைப் பூட்டிய நாளில் ஆசிரியை மணியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோன கதை. இங்கிலீசில் கேட்டதை ஏன் தமிழில் எழுதினாய்? கை வேகமாக ஓடும் என்றா? இல்லை, எழுதும்போதாவது நம் மொழியில் இருக்கலாம் என்றா?

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரரின் மாட்டுப் பட்டிக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் புரட்டிய கொப்பிகளில் நாம் பிறந்த தீவைப் பற்றி ஒரு வரி இல்லை. என் பெயரைத் தேடித் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். அதுவும் இல்லை.

மார்கரெட்டுக்கு ஒரு அவசரம் இருந்தது. அனித்தாதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். ஆற்றங்கரையில் இருக்கிற கீழ் ஊர்க்காரர் செத்தவர்களைப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கி, பழைய மா அரைக்கும் ஆலை முற்றத்துக்குள்ளால் கோயிலுக்குக் கொண்டுபோவார்களாம். ஊரில் அதற்குப் பெயரே பெட்டிப் பாதை. ஆலையை லண்டன்காரர் ஒருவர் வாங்கி, வேலி போட்டுப் பூட்டிவிட்டார். அதனால்தான் நீயும் சுற்றிப் போனாய். அது பொதுப் பாதை என்று உள்ளூராட்சிக் கந்தோருக்கு நிரூபிக்க வேண்டும். அந்தப் பாதையால் பெட்டி தூக்கியவர்களில் கடைசி ஆள் ஆர்தர் என்ற கிழவர். உனக்கு இரண்டு வருடம் முன்பே அவர் போய்விட்டார். ஆனால் வியாழக்கிழமை தோறும் கடைக்கு வந்து உன்னோடு கதைத்தவர். அவர் சொன்னது உன் கொப்பியில் இருக்கும், அதை வாசிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று மார்கரெட் எழுதியிருந்தா.

நாலாவது கொப்பியில் இருந்தது, அக்கா. நீ எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன்:

“ஆர்தர். தூறல். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு முழங்கால் அளவு பனி என்றார். ஆலை வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார்களாம். எப்போதும் கேட்டுத்தான் போவோம் என்றார். ஆலைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்துவிட்டாராம்.”

எனக்கு நல்ல சாட்சியாகத்தான் பட்டது. அனித்தாவின் முகம்தான் மாறிப்போனது. சட்டம் அப்படி இல்லையாம். யாரையும் கேட்காமல், தங்கள் உரிமை என்று நீண்ட காலம் நடந்திருந்தால்தான் பாதை ஊருக்குச் சொந்தம். கேட்டு நடந்தால் அது ஆலைக்காரரின் தயவு மட்டும்தான்.

“அம்மா, ‘கேட்டுத்தான் போவம்’ எண்டதை மட்டும் விட்டிடுங்கோ,” என்றாள். “இந்த எழுத்தை அங்கை ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. பெரியம்மாவுக்கும் அந்தப் பாதை கிடைக்கிறதுதானே விருப்பம்?”

நான் வெளியே இறங்கிவிட்டேன். வியா மக்வேதா தெரு நீளத்துக்கும் நடந்தேன். துறைமுகம் வரைக்கும் போய், நேப்பிள்ஸ் கப்பலுக்குக் கார்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். சிஞ்ஞோராவின் வீட்டில் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். தொண்ணூறு வயது மனுசி, கதிரையைக் காட்டி, இரு, எனக்குத் தலை சுற்றுகிறது என்று அதட்டினார்.

ஏன் இருக்க முடியவில்லை என்று உனக்குத்தான் சொல்ல வேண்டும். எழுதியிருக்கிற வரியை விட்டுவிட்டு வாசிப்பது எனக்குப் புதிதல்ல.

அம்மாவின் கண் மங்கிப்போன பிறகு உன் கடிதங்களை நான்தானே வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: “அம்மாவை என்னட்டை அனுப்பு. பேப்பர் எல்லாம் செய்திட்டன். கொழும்பிலை ஏத்திவிட ஆள் இருக்கு. வரமாட்டன் எண்டால் அதை அம்மாவின்ரை வாயாலை கேட்டு எழுது.” எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுற்றிலும் சண்டை. அம்மாவும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் தனி. உன் கடையைப் பற்றி வாசித்தேன், குளிரைப் பற்றி வாசித்தேன். அந்த இடம் வந்ததும் ஒரு மூச்சு நின்று, அதைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விட்டேன்.

“அவ்வளவுதானோ பிள்ளை?” என்று அம்மா கேட்டா.

“ஓம் அம்மா, அவ்வளவுதான்.”

அம்மா வரமாட்டாவாம் என்று உனக்கு எழுதியதும் நான்தான். அடுத்த வருடம் இடம்பெயர்ந்தோம். போன இடத்தில் மூன்று நாள் காய்ச்சல். “பெரியவள் என்னை ஒருக்காலும் வா எண்டு கேக்கேல்லை,” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

பிறகு முப்பது வருடம் நீயும் நானும் ரெலிபோனில் என்ன கதைத்தோம்? வெயில், குளிர், அனித்தாவின் படிப்பு. நீ ஒரு தரமாவது அதைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? உனக்குச் சந்தேகம் இருந்ததா, அக்கா?

மூன்றாம் நாள் அனித்தாவைக் கூப்பிட்டு இருத்தினேன். நான் வாசிக்க வாசிக்க அவள் இங்கிலீசில் அடித்தாள். அந்த இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பெரியம்மா எழுதினது அப்பிடித்தான். எழுது,” என்றேன்.

எழுதினாள். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு ஊரின் பாதையை நான் கெடுத்துவிட்டேன் என்பது அவளுடைய எண்ணம். அவளுக்கு இந்தப் பழைய கதை ஒன்றும் அப்போது தெரியாது. இப்போது தெரியும், சொல்லிவிட்டேன்.

மார்கரெட் ஒரு கிழமை கழித்துத்தான் அழைத்தா. ஆர்தர் சொன்னது முழுவதையும் அனுப்பியதற்கு நன்றி, அந்த ஒரு வசனம் இல்லாதிருந்தால் தங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்றா. மறைக்காமல் அவவும் அதைக் கந்தோருக்குக் கொடுத்தா. பங்குனியில் தீர்ப்பு வந்தது. பாதை ஊருக்கு இல்லை. கடைக்காரிக்கு ஏன் இந்த எழுத்து வேலை என்று அங்கே இரண்டொருவர் கதைத்தார்களாம். உன் பெயரில் கோயில் வாசலில் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு போடுவதாக இருந்தார்கள், அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. இதைக் கேட்டு நான் எவ்வளவு துடித்தேன் என்று நினைக்கிறாய்? உயிரோடு இருக்கும்போதும் உனக்குக் கெடுதல் செய்தேன், செத்த பிறகும் செய்துவிட்டேனா?

பிறகு நடந்ததையும் கேள். அந்த லண்டன்காரர் தீர்ப்போடு வந்த ஆர்தரின் சாட்சியை வாசித்திருக்கிறார். அந்தத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு மார்கரெட் வீட்டுக்கு வந்தாராம். தனக்கு வக்கீல் கடிதங்கள் வந்தன, வேலியில் எதிர்ப்புப் பலகை மாட்டினார்கள், ஆனால் ஒருவரும் தன் கதவைத் தட்டிக் கேட்கவில்லை என்றாராம். போன கிழமை கீழ் ஊரில் ஒரு கிழவி செத்துப்போனா. மார்கரெட் போய் ஆலைக் கதவைத் தட்டினா. அவர் வந்து படலையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஆறு பேர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குள்ளால் போனார்கள். மார்கரெட் அனுப்பிய வீடியோவை அனித்தா கொண்டுவந்து காட்டினாள். என் தோளில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அது உரிமை இல்லை. நாளைக்கு அவர் ஆலையை விற்றால், அடுத்தவர் பூட்டலாம். உன்னைச் சுற்றிக் கொண்டுபோனது கொண்டுபோனதுதான். எனக்கு இன்னும் ஒரு இடத்தில் அரை மணி நேரம் இருக்க முடியவில்லை.

இன்னும் திறக்காத இரண்டு கொப்பிகள் மீதம் இருக்கின்றன. அவற்றில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும், ஒரு சொல் விடாமல் வாசித்து மார்கரெட்டுக்கு அனுப்புவேன். உன்னுடைய அந்தப் பழைய கடிதத்தை நான் எறியவில்லை. பெர்மெஸ்ஸோ என்ற இந்த நாட்டு வதிவிட அனுமதிப் பத்திரங்களோடு இத்தனை வருடமும் வைத்திருக்கிறேன். ஆவணியில் சிஞ்ஞோரா மகள் வீட்டுக்குக் கடற்கரைக்குப் போவார், எனக்கு மூன்று கிழமை லீவு. அனித்தாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். அம்மாவை அடக்கம் செய்த சேமக்காலையில் நின்று, அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து உன் கையெழுத்து வரைக்கும் உரத்து வாசிப்பேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

அம்மாவிடம் உன் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருக்கும்
உன் தங்கச்சி மலர்
பலேர்மோ